இருபதில் ஏழு

செஞ்சிக் கடைத்தெருவில் டாக்டர் ரோஸ்மேரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வௌவால் டாக்டரம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். டாக்டர் என்ற சொல்லை நம்பி, ஆரம்பத்தில் காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. "நான் அந்த டாக்டர் இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. அப்புறம் ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டது. இந்த அம்மா படித்த படிப்பெல்லாம் வௌவாலுக்காக. கோட்டையிலுள்ள நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்து, தலைகீழாகத் தொங்குகிற பிராணிகளைப் பிடித்து, கையில் வளையம் மாட்டி விட்டுவிடுகிறாள். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். கடைக்காரர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோட்டைக்குப் போகிற சாலையில் ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கு. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த வேர்க்கடலைத் தோலின் வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. உள்ளே இரண்டு மைக்ராஸ்கோப், ஒரு கரும்பலகை, அலமாரி நிறைய ஸ்பிரிட் பாட்டில்கள், மூன்று கயிற்றுக் கட்டில்கள். சென்னையில் அவள் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எப்போதும் அங்கே தங்கியிருப்பார்கள். மாதத்தில் பாதி நாள் அவளும் செஞ்சியில்தான். பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்திருந்தாள்.

வேலை இதுதான். பகல் முழுக்க வௌவால்கள் களஞ்சியத்தின் இருட்டு மூலைகளில் தொங்கும். வாசலில் வலையைக் கட்டிவிட்டு உள்ளே போய்க் கலைத்தால் வந்து விழும். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, முன்கையில் எண் பொறித்த சின்ன அலுமினிய வளையத்தை இடுக்கியால் நெருக்கி மாட்டி, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு பறக்க விட வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி பிடித்துப் பார்த்தால் எந்த எண் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். இல்லாதது செத்ததாகக் கணக்கு. இப்படி ஐந்து வருஷம் எண்ணி, இந்த வகை வௌவால் மூன்று வயதைத் தாண்டுவதே அபூர்வம் என்று அவள் எழுதிய கட்டுரை சீமைப் பத்திரிகையில் வெளிவந்தது. முகம் தெரியாதவர்களெல்லாம் கடல் கடந்து கடிதம் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரைதான் அவளுடைய சொத்து, கவசம், எல்லாம். செஞ்சிக்குத் தெற்கே ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில், ஏர் பிடித்த பால்சாமிக்குப் பிறந்து, கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று படித்தவள் அவள். வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து, கூடத்துக்குப் பணம் ஒதுக்குகிற நான்கு பெரியவர்கள் பார்வையிட வருவார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவர், "ஏம்மா, வௌவால் உங்க வீட்டு அடுக்களைக்குள்ளயும் வருமே, அங்கேயே பிடிச்சா சௌகரியமா இருக்குமே" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். ரோஸ்மேரி உள்ளே போய் அந்தச் சீமைப் பத்திரிகையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். சிரிப்பு நின்றது. அது இல்லாவிட்டால் கிடங்கு மறுபடி மல்லாட்டைக்கே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

மாணவர்களிடம் அவள் கண்டிப்பு. பென்சிலால்தான் எழுத வேண்டும், மை மழையில் கரைந்துவிடும். ரப்பர் கூடவே கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு கிழித்துவிட்டு மேலே எழுத வேண்டும்; கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொருவராகக் கரும்பலகை முன்னால் நின்று அந்த வாரத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவனுக்கு அவளிடம் திட்டு விழும். "நோட்டை நம்பு, ஆளை நம்பாதே. நானே சொன்னாலும், நோட்டைக் காட்டுங்க மேடம்னு கேளு" என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

கலியபெருமாள் 1962இல் வந்து சேர்ந்தான். அவலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம், உழவுக் குடும்பம், அந்த ஊரிலேயே கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். முறம் மாதிரிக் கை. அந்தக் கையைப் பார்த்ததும் ரோஸ்மேரிக்கு உள்ளூரப் பயம்தான், வௌவாலை நசுக்கிவிடுவானோ என்று. நசுக்கவில்லை. துணிப்பைக்குள் கையை விட்டு அவன் எடுக்கிற விதத்தில் அது கடிக்கக்கூட மறந்துவிடும். மற்றவர்கள் கையெல்லாம் பல் தடம் இருக்கும், அவன் கையில் இருக்காது. இங்கிலீஷ்தான் தகராறு. அவன் எழுதிக் கொண்டு வருவதை அவள் சிவப்புப் பென்சிலால் வெட்டித் தள்ளுவாள். அவன் மறுபடி எழுதுவான், அவள் மறுபடி வெட்டுவாள். நாலாவது தடவையில் வெட்ட ஒன்றுமில்லாமல் போகும். அப்போது அவளுக்கு வருகிற சந்தோஷத்தை அவள் அவனிடம் காட்டிக்கொண்டதில்லை. தனக்குப் பின்னால் இந்தக் கூடத்தை இவன்தான் நடத்தப்போகிறான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

வந்த மறு வருஷம், ஒரு நாள் அவன் கடைத்தெருவில் அரங்கநாதன் கடைக்குப் போய் நகப்பூச்சு இரண்டு சீசா கேட்டான். அரங்கநாதன் வளையல், ரிப்பன் வியாபாரம். வாய் சும்மா இருக்காது.

"யாருக்குப்பா? ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்களா?"

"வௌவாலுக்குங்க."

"அடப்பாவி! அதுக்கும் கண்ணாலமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்ததில் கலியபெருமாளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தான். ஆனால் அது விளையாட்டு வேலை இல்லை. ஒரே நாளில் அறுபது வௌவாலுக்குக் கால் நகத்தில் சிவப்புப் பூச்சு பூசினான். அறுபத்தொன்றுக்கு வளையம் மாட்டினான். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த வாரச் சனிக்கிழமை கரும்பலகை முன்னால் நின்றான்.

"பூச்சு பூசினதுல நாப்பத்தி நாலு இருக்குது மேடம். வளையம் மாட்டினதுல இருவத்திரண்டுதான் இருக்குது. அதுலயும் பதினொண்ணுக்குக் கையில புண்ணு."

அவன் பாக்கெட்டிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தான். ஒரு செத்த வௌவால். வளையத்தின் விளிம்பு இறக்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்திருந்தது. வௌவால் அதைக் கடித்துக் கடித்து விளிம்பைக் கூராக்கி, அது சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது.

"இது எப்படி மேடம்... வளையமே அதுங்கள சாவடிக்குதுன்னு தோணுது. அப்டின்னா மூணு வருஷக் கணக்கு..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. வளையம் கொல்கிறதென்றால், வௌவால் மூன்று வருஷம்தான் வாழ்கிறது என்ற கணக்கு வௌவாலுடைய கணக்கில்லை, வளையத்துடைய கணக்கு. ஐந்து வருஷத்து உழைப்பு, சீமைக் கட்டுரை எல்லாம் தப்பு. மற்ற இரண்டு மாணவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மேரிக்குக் காது சுட்டது. ஓட்டை கண்டுபிடி என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். தன் வீட்டுக் கூரையிலேயே ஓட்டை போடுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"பூச்சு பூசறதுக்கு அழுத்தம் வேண்டாம்," என்றாள் கடைசியில். "வளையம் மாட்டறதுலதான் கை வேலை இருக்கு. ஒரு மயிரிழை கூட நெருக்கினா தோல் மாட்டிக்கும். உன் கை அப்படி நெருக்குதோ என்னவோ. நான் இருபது மாட்டறேன், நீ இருபது மாட்டு. மூணு மாசம் கழிச்சு எண்ணுவோம்."

நியாயமான பேச்சுதான். கலியபெருமாள் முகம் மலர்ந்து தலையாட்டினான். அக்டோபரில் இருவரும் களஞ்சிய வாசலில் எதிரெதிரே உட்கார்ந்து இருபது இருபதாக மாட்டினார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக என்றைக்கும் மாட்டியதில்லை.

ஜனவரியில் எண்ண வேண்டிய நேரத்தில் அவனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம் என்று வீட்டார் வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் பொங்கலுக்குப் போயிருந்தார்கள். ரோஸ்மேரி தனியாகவே வலையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனாள். மூன்று நாள் தொடர்ந்து போனாள். ஒரு மூலை விடாமல் பார்த்தாள். பக்கத்துக் கட்டடங்களையும் தேடினாள். அவள் மாட்டிய இருபதில் ஏழு கிடைத்தன, நாலுக்குப் புண். அவன் மாட்டிய இருபதில் எட்டு கிடைத்தன.

அவனுடையது ஒன்று கூடுதல். வாசல் கல்லில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதினாள். பென்சிலால், அடித்தல் திருத்தல் இல்லாமல், உள்ளது உள்ளபடி எழுதினாள். நோட்டில் அவள் ஒருநாளும் பொய் எழுதியதில்லை, அன்றைக்கும் எழுதவில்லை. எழுதிவிட்டுக் கூடத்துக்கு வந்து, அந்த நோட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பூட்டியதுதான் முதல் தப்பு.

பிப்ரவரியில் கலியபெருமாள் வந்தான். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை, சட்டை தோளில் தொங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவளிடம்தான் வந்தான். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, "சாப்டியா?" என்று கேட்டாள்.

"சாப்டேன் மேடம். எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

"இன்னா வந்துது?"

இந்த இடத்தில் அவளுக்காகப் பரிந்து பேச எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் சென்னையிலிருந்து நால்வரும் வருகிறார்கள் என்று தந்தி வந்திருந்தது. அடுக்களை என்று சொன்னவரின் சிரிப்பு அவள் காதில் இருந்தது. ஆனால் அதெல்லாம் காரணமாகுமே தவிர நியாயமாகாது.

"உன்னோடது எட்டு," என்றாள். "என்னோடது பதினாறு."

அவன் அப்படியே நின்றான். "பதினாறா?"

"பதினாறு. ஒண்ணுக்கும் புண் இல்லை." ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியவில்லை. "வளையத்துமேல தப்பில்லை, கலியபெருமாள். உனக்குக் கை கனம். சில பேருக்கு அப்படித்தான், பிறவியிலேயே வர்றது. கைராசின்னு ஊர்ல சொல்றாங்களே, அந்த மாதிரின்னு வச்சுக்கோயேன்."

கைராசி! இருபது வருஷமாகக் கைராசி, காத்து கருப்பு, நேரம் காலம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எரிந்து விழுந்தவள், அந்த வார்த்தையை எடுத்து ஓர் ஏழை உழவன் வீட்டுப் பிள்ளையின் தலையில் போட்டாள். அவனுக்கு அது புதிய வார்த்தை இல்லை. பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தது. டாக்டர் பட்டம் வாங்கியவள் வாயிலிருந்தும் அதே வந்தபோது, ஒரு பக்கம் மிச்சமிருந்த சந்தேகமும் அவனுக்குப் போய்விட்டது.

நோட்டைக் காட்டுங்க மேடம் என்று அவன் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், கேட்க மாட்டானா என்றுகூட ஏங்கினாள். கேட்டிருந்தால் பெட்டியைத் திறந்திருப்பாள், சத்தியமாகத் திறந்திருப்பாள். அவன் கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ அதுங்க அத்தனையும் என்னாலதான் செத்துதா மேடம்?" என்று மட்டும் கேட்டான். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் அவன் துணிப்பைக்குள் கையை விடும்போது விரல் நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையை வௌவால் கடிக்கும், கடித்தது. வேறு தலைப்பு தருகிறேன், எச்சத்தை வைத்து அது என்ன தின்கிறது என்று பார், பிடிக்கவே வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சித்திரையில் வௌவால்கள் குட்டி போட்டன. தாய் செத்து, வளையம் மாட்டிய அந்தக் கையை விடாமல் பற்றிக்கொண்டு கிடந்த குட்டிகள் ஒன்பதைக் கலியபெருமாள் பொறுக்கி வந்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தான். எந்த டாக்டர் கொடுத்தாலும் பிழைத்திருக்காத குட்டிகள் அவை. நாலு நாளில் ஒன்பதும் அவன் உள்ளங்கையிலேயே செத்தன. அதோடு அவன் பெட்டியைக் கட்டினான்.

"வர்றேன் மேடம்," என்றான் பஸ் ஸ்டாண்டில். "இவ்ளோ நாளு சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் குடுப்பினை இல்ல."

அவள் அவனுக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தாள். நேர்மையானவன், கவனமானவன், தன் கண்ணால் கண்டதை மட்டுமே சொல்பவன் என்று அதில் எழுதியிருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை தன் ஊர் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் பாவத்தைக் கேட்க உட்கார்ந்திருந்த சாமியாருக்கு வயது எழுபதுக்கு மேல்.

"ஒரு கணக்கைப் பொய்யாச் சொல்லிட்டேன் சாமி."

"என்ன கணக்கு?"

"வௌவால் கணக்கு."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொள்வது அவளுக்குக் கேட்டது. "அதனால யாருக்காவது கெடுதல் உண்டா?" என்று கேட்டார். "வௌவாலுக்குத்தான் சாமி" என்றாள் அவள். பரிகாரமாக மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். முழங்காலில் நின்று மூன்றையும் சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. கலியபெருமாள் பெயரைச் சொல்லாமல் வாங்கிய மன்னிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? செஞ்சிக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே பாரம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

வளையம் மாட்டுவதையாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நிறுத்தவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இடுக்கியைக் கையில் கொடுத்து, மெதுவா, மெதுவா என்று சொல்லிக் கொடுத்தாள். சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. ஆனால் ஓட்டை கண்டுபிடிக்காதவனை அவள் திட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

1967 நவம்பரில் கப்பல் தபாலில் ஒரு சீமைப் பத்திரிகை வந்தது. நடுவில் நாலு பக்கக் கட்டுரை. யாரோ ஒருவர் தன் ஊர் வௌவால்களில் பாதிக்கு வளையம் மாட்டி, பாதிக்கு நகத்தில் சாயம் பூசி எண்ணியிருந்தார். வளையம் கொல்கிறது, இதுவரை வளையத்தை வைத்துப் போட்ட ஆயுள் கணக்கையெல்லாம் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். ரோஸ்மேரி அதை மூன்று முறை படித்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கிடங்கில், இதே கரும்பலகை முன்னால், அவலூர்பேட்டைப் பையன் ஒருவன் சொன்னது. உலகத்திலேயே முதலில் சொன்னது அவனாக இருந்திருக்கும். அந்த இடத்தை அவனிடமிருந்து பிடுங்கியவள் அவள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மாணவர்கள் பயந்துபோய் வெளியே நின்றார்கள்.

அன்றைக்கே களஞ்சியத்து வேலையை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தாள். தன் கட்டுரை தப்பு, 1963இலேயே செஞ்சியில் கலியபெருமாள் இதைக் கண்டுபிடித்தார், நான் மறைத்தேன் என்று பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பெயராக அவன் பெயரைப் போட்டாள். அவன் கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டை பஸ் ஏறினாள்.

அவனுடைய கிராமத்துக்கு, பஸ் நின்ற சந்தை மேட்டிலிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, கல்யாணமாகிவிட்டது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். வீட்டில் அவன் இல்லை, ஊருக்கு வெளியே கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தான். மனைவி மீனம்பாள் இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தையோடு வெளியே வந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் அவள் முகம் பூத்தது.

"செஞ்சி டாக்டரம்மாவா? உள்ள வாங்க, உள்ள வாங்க. உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க. இங்கிலீஷு நாலு வார்த்த ஒழுங்கா வருதுன்னா அவங்க போட்ட பிச்சைன்னுவாரு." பாயை விரித்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே பேசினாள். "நல்ல மனுஷன்தாங்க. ஒரே ஒரு கொறதான். புள்ளயத் தொட மாட்டேங்குறாரு. பொறந்த நாள்லேந்து ஒரு தபா தூக்கினது இல்ல. கிட்ட ஒக்காந்து பாத்துக்கினே இருப்பாரு, கொஞ்சுவாரு, கை மட்டும் வராது. ஆடு குட்டி போட்டாக்கூட எட்டப் போய்டுவாரு. கேட்டா, எனக்குக் கை கனம், சின்ன உசுரு தாங்காதுன்றாரு. நீங்கதான் சொன்னீங்களாமே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பல்வலிக்கு மருந்து சொன்னீர்களாமே என்கிற மாதிரிதான் கேட்டாள். ரோஸ்மேரி செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

கலியபெருமாள் மண்வெட்டியோடு வந்தவன், அவளைப் பார்த்ததும் அதை வாசலிலேயே போட்டுவிட்டு, "மேடம்!" என்று ஓடி வந்தான். "கடுதாசி போட்டா நானே வந்திருப்பேனே. வெயில்ல எதுக்கு மேடம்?" காதோரம் இரண்டு நரை. மற்றபடி அதே முகம். அவள் உபசாரத்துக்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் சொல்ல முடியாது என்று பயந்தாள்.

"கலியபெருமாள், நான் உங்கிட்ட பொய் சொன்னேன். என்னோடது பதினாறு இல்லை."

அவன் புரியாமல் பார்த்தான். நான்கு வருஷம் கழித்தும் எதைச் சொல்கிறாள் என்று விளங்க அவனுக்கு அதிக நேரமாகவில்லை.

"எத்தினி மேடம்?"

"ஏழு."

அவள் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஏழு, எட்டு என்று எழுதியிருந்த வரியை விரலால் தொடாமல், சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தான். அப்புறம் அவள் எழுதிக் கொண்டு வந்த இரண்டு பக்கத்தையும் படித்தான். அவள் அழுதுகொண்டே சொன்னாள். சீமைக் கட்டுரையைப் பற்றி, பூட்டிய பெட்டியைப் பற்றி, அந்த நால்வரைப் பற்றி எல்லாம் சொன்னாள். "உன் கைமேல ஒரு குத்தமும் இல்லை. உன் கைமாதிரி நான் யார்கிட்டயும் பாத்ததில்லை. என்னை நாலு வார்த்தை திட்டிடு, கலியபெருமாள்."

அவன் திட்டவில்லை. காகிதத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "இது அறுவது இல்ல மேடம், வளையம் மாட்டினது அறுவத்தொண்ணு" என்றான். அவள் பென்சிலால் ஒரு கோடு கிழித்து மேலே திருத்தினாள். அவன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே கேட்டான்.

"நான் அங்கேருந்து வந்தப்புறம் எத்தினிக்கு மாட்டினீங்க மேடம்?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. திட்டுவான், அழுவான், பேசாமல் எழுந்து போய்விடுவான் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம்.

"எழுநூத்தி அறுபத்திரண்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குக் கணக்குத் தெரியும். அதில் எத்தனை மிஞ்சியிருக்கும், எத்தனை குட்டிகள் செத்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "கேட்டிருக்கணும்," என்றான் மெல்ல. "நோட்டைக் காட்டுங்கன்னு நான் கேட்டிருக்கணும். சொல்லித்தான குடுத்தீங்க. நீங்களாச்சேன்னு கேக்கல." அவன் தன்னையே நொந்துகொண்டான். அவள்மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மீனம்பாளுக்கு வௌவாலும் வளையமும் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது முழுசாக விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"அதான் டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே, உங்க கைமேல ஒண்ணுமில்லேன்னு. இந்தாங்க, தூக்குங்க உங்க பொண்ண."

குழந்தையை அவன் முன்னால் நீட்டினாள். அது காலை உதைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. கலியபெருமாள் எழுந்தான். இரண்டு கையையும் நீட்டினான். கை பாதி தூரம் போயிற்று. விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அவன் அவற்றைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், நெற்றியில் வேர்த்துவிட்டது. கையைப் பின்னுக்கு இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"புத்திக்குப் புரியுது மேடம்," என்றான் மன்னிப்புக் கேட்கிற குரலில். "கைக்குப் புரிய மாட்டேங்குது. போவப் போவ சரியாய்டும்."

உள்ளே அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. ஐயோ என்று மீனம்பாள் குழந்தையை அப்படியே ரோஸ்மேரியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். வேற்று முகம் கண்டு குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அழப்போகிறது என்று ரோஸ்மேரி பதறினாள்.

"பயப்படாதீங்க மேடம்," என்றான் கலியபெருமாள். மனசார, ஒரு துளி விஷம் இல்லாமல் சொன்னான். "உங்களுக்கு லேசான கை. அழ மாட்டா."

அது வீறிட்டு அழட்டும் என்று ரோஸ்மேரி வேண்டிக்கொண்டாள். தன் கையில் அது ஒரு தரமாவது அலறித் துடித்து அப்பாவிடம் தாவட்டும் என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை ஒருமுறை விம்மியது, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது, அப்படியே அவள் மார்பில் சாய்ந்து தூங்கிப்போயிற்று. கலியபெருமாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.